பூரணம் இன்னும் சாப்பிடவில்லை

1996 ஜனவரி 20, சனி

காலையிலிருந்து பொடிப்பனி. மூக்கு நுனி மரத்துப்போகிற குளிர். பாம்பு வந்துவிட்டது.

போவா கன்ஸ்ட்ரிக்டர். நம்முடைய வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம், விஷம் கிடையாது. பெண். எட்டு மாதக் குட்டி. நீட்டினால் என் தோளிலிருந்து விரல் நுனி வரை. கோப்பி நிறம், முதுகில் கடும் மண்ணிறத் திட்டுகள், வாலுக்குக் கிட்டச் செங்கல் சிவப்பு. என்ன வடிவு. கடவுள் ஆறுதலாக இருந்து கீறியிருக்கிறார்.

தந்தவள் லிண்டா. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள்; நான் ஷாம்பூ போத்தலுக்கு மூடி போட அவள் லேபிள் ஒட்டுவாள். வேலையை விட்டுக் கல்கரிக்குப் போகிறாள், பாம்பைக் கொண்டுபோக வழியில்லை. யாருக்காவது வேண்டுமா என்று சாப்பாட்டு அறையில் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு வேகமாகத் தூக்கியதில்லை.

தலையணை உறைக்குள் போட்டு, ஜக்கெட்டுக்குள் வைத்து, பஸ்ஸில் ஸ்காபரோவின் பாதியைக் கடந்து கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்த கிழவர் ‘பூனைக்குட்டியா?’ என்றார். தலையாட்டினேன்.

இவர் கதவைத் திறந்தார். கல்யாணம் கட்டி நாலு வருஷம், இந்த முகத்தை இதுவரை கண்டதில்லை.

“நாய் கேட்டீர், வேண்டாமெண்டன். பூனை கேட்டீர், அதுவும் வேண்டாமெண்டன். அதுக்குப் பழியோ உது?”

அரை மணி நேரப் பேச்சுவார்த்தை. முடிவுகள்:
- சின்ன அறையில் மட்டும். கதவு எப்போதும் சாத்தியிருக்கும்.
- இவர் தொட மாட்டார், பார்க்க மாட்டார், அதைப் பற்றி யாருக்கும் சொல்ல மாட்டார்.
- ஏதாவது கரைச்சல் என்றால் பாம்பு போகும்.

எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றிருப்பேன்.


ஜன. 21, ஞாயிறு

வெயில், ஆனால் பொய் வெயில். வெளியே மைனஸ்.

பாம்புக்குக் கண்ணாடித் தொட்டி சரி. ஒரு பக்கம் அடியில் சூட்டுப் பட்டை, மறுபக்கம் குளிர்ச்சி. இரண்டு வெப்பமானி. தண்ணீர்ச் சட்டி. ஒளிய இடம் வேண்டுமாம், பூச்சட்டி ஒன்றை உடைத்துக் கவிழ்த்தேன். மூடிக்கு நாலு கிளிப். இவர் தூர நின்று “எட்டு போடும்” என்றார். எட்டு போட்டேன்.

நூலகத்தில் எடுத்த புத்தகம் பாதி முடிந்தது. பாம்பு கண் இமைக்காது, இமையே இல்லை. போவா முட்டை இடாது, குட்டிதான் போடும். வாலுக்கு அருகில் நகம் மாதிரி இரண்டு துளி. ஒரு காலத்தில் கால் இருந்த அடையாளம். தேடிப் பார்த்தேன். இருக்கிறது! உயர்தர வகுப்பில் விலங்கியலை உயிரைக் கொடுத்துப் படித்தேன், எல்லாம் போத்தலுக்குள் கிடந்த செத்த பாம்பு. இது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு என்னையே பார்க்கிறது.

பெயர்: பூரணம். எங்கள் பள்ளிக்கூட உப அதிபரின் பெயர். அவவும் இப்படித்தான், சத்தமில்லாமல் வருவா, இமைக்காமல் பார்ப்பா. இவருக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் இருக்கிற இவருடைய சின்னம்மாவும் பூரணமாம். சின்னம்மாவிடம் சொல்லாவிட்டால் சரி என்றேன்.

வந்து ஒரு கிழமைக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது, இடம் பழக வேண்டும். லிண்டா சொன்னது.


ஜன. 25, வியாழன்

பால் முடிந்தது. லோன்றியில் உடுப்புத் தோய்க்கச் சில்லறை மாற்ற வேண்டும். வேலையில் ஓவர்ரைம் இல்லை.

வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சின்ன அறை. இன்று கையில் ஏறித் தோளுக்கு வந்து கழுத்தடியில் தலையை வைத்துக்கொண்டாள். நாக்கு காதில் பட்டது. இறகு பட்டது போல. சிரித்தேன், தனியே.

உறைந்த எலி ஆறு வாங்கினேன். பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டு பிறீசரில் மீனுக்குப் பின்னால். பெட்டிக்கு மேல் எழுத மறந்துவிட்டேன். இவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்டியோடு போய்த் திறந்தார். பிறகு கரண்டியை மூன்று தரம் கழுவினார்.


ஜன. 27, சனி

இன்று முதல் சாப்பாடு. விடிய எழும்பிவிட்டேன், தீபாவளி மாதிரி.

புத்தகத்தில் உள்ளபடி. எலியைப் பையில் கட்டிச் சுடுதண்ணீரில் வைத்து இளக்கினேன். பிறகு எங்கள் வீட்டில் பிறீசரால் இறங்குகிற எதையும் போல மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். துடைத்து எடுத்தால் என்ன வெள்ளை, என்ன துப்புரவு. திரும்பவும் சூடாக்கி, நீளமான இடுக்கியால் பிடித்து நீட்டினேன்.

வந்தாள். தலையைத் தூக்கினாள். நாக்கு போகிறது, வருகிறது. கிட்ட வந்தாள்... பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு பூச்சட்டிக்குள் போய்விட்டாள்.

பரவாயில்லை. புது இடம். வெட்கமாக இருக்கும். எனக்கும் இந்த நாட்டுக்கு வந்த முதல் கிழமை ஒன்றும் இறங்கவில்லை.


பெப். 2, வெள்ளி

உறைபனி. பஸ் தரிப்பில் இருபது நிமிடம், காது இருக்கிறதே தெரியவில்லை.

கீழ்மாடி பத்மா அன்ரி வந்தா. கையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும். யார் சொன்னது? இவர்தான்! யாருக்கும் சொல்ல மாட்டேன் என்ற மனிதர், லிப்டில் வைத்து அன்ரிக்குச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஆலோசனை கேட்பது போல.

அன்ரி கதவிடுக்கால் பார்த்துக் கும்பிட்டா. “நாகதம்பிரான் தானாத் தேடி வந்திருக்கிறார், பிள்ளை. வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் குடுத்துப்போடாதை” என்றா.

இது அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு, பால் குடிக்காது, எலிதான் தின்னும் என்று விளங்கப்படுத்தினேன். அன்ரி என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் பாலை வைத்துவிட்டுப் போனா. பாலில் தேத்தண்ணி. முட்டை இவருக்குப் பொரியல்.


பெப். 4, ஞாயிறு

இரண்டாம் தரமாக எலி. சூடு சரி, இருட்டு சரி, வீட்டில் சத்தமில்லை. எலியில் ஏதாவது ஊத்தை இருந்திருக்குமோ என்று இந்த முறை இரண்டு தரம் மஞ்சள் போட்டுக் கழுவினேன்.

இல்லை. முகத்தை இழுத்துக்கொண்டாள். இடுக்கியைக் கண்டு பயமோ என்று எலியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டு மணி நேரம். தொடவில்லை.

கல்கரிக்கு, லிண்டாவுக்கு போன். லி. நான் செய்ததைப் போலவே செய் என்றாள். இளக்கிச் சூடாக்கி இடுக்கியால் கொடு, அவ்வளவுதான். அதைத்தானே செய்கிறேன், அதைவிடத் திறமாக.


பெப். 11, ஞாயிறு

சாம்பல் வானம். தலையிடி.

மூன்றாம் தரமும் இல்லை.

இன்று தூக்கியபோது தெரிந்தது. முதுகெலும்பு கூரை முகடு போலத் தட்டுப்படுகிறது. பக்கத்தில் தோல் மடிந்திருக்கிறது. லி. வீட்டில் இப்படி இருக்கவில்லை. லி.யிடம் சாப்பிட்டவள் என்னிடம் ஏன் சாப்பிடுகிறாளில்லை? என் கையில்தான் ஏதோ பிழை. தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதேன். வெட்கமாக இருக்கிறது எழுத, ஆனால் அழுதேன்.

இவர் வாசலில் நின்றார். அறைக்குள் வரவில்லை. போகவுமில்லை. “உது செத்துக்கித்துப் போனா நீர் தாங்கமாட்டீர்” என்றார். “லிண்டாவுக்கு உதை வித்த அந்த ஒஷாவாக்காரனைக் கேளும்.”


பெப். 13, செவ்வாய்

ஒஷாவாவில் ஒரு ஆள் நிலவறையில் போவா வளர்க்கிறார். லி. குட்டியை வாங்கியது அவரிடம்தான். மத்தியானம் வேலையிடத்திலிருந்து அவருக்கு போன் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். சூடு? சரி. ஒளிய இடம்? இருக்கிறது. அடிக்கடி தூக்குகிறாயா? குறைத்துவிட்டேன். எலி நல்லதா? புதிது, மிகவும் துப்புரவாகத்தான் கொடுக்கிறேன் என்றேன். நல்லது என்றார்.

பெரிய பாம்பு என்றால் மாதக்கணக்கில் கிடக்கும், குட்டி அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவா. என்னிடம் சாப்பிட்டால் என்னோடேயே இருக்கட்டும், அதுதான் அவளுக்கு நல்லது என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

இவரிடம் சொன்னேன். முகத்தில் நிம்மதி தெரியும் என்று பார்த்தேன். தெரியவில்லை. “ரோட்டு சரியா இருந்தா கொண்டுபோறன்” என்றார்.

பிறீசரில் இன்னும் மூன்று எலி. சனிக்கிழமை கடைசித் தரம் பார்ப்பது.


பெப். 14, புதன்

தொழிற்சாலையில் காதலர் தினமென்று பெட்டைகளுக்கெல்லாம் ரோசாப்பூ. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

வேலையால் வந்து பார்த்தால் சின்ன அறை யன்னல் இடுக்கு முழுக்க ரேப் நாடா ஒட்டியிருக்கிறது. இவர் வேலை. காற்று வருகிறதாம், கரண்ட் காசு வீணாம். யன்னலுக்குப் போக வேண்டுமென்றால் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.


பெப். 17, சனி

எப்படி எழுதுவது, எங்கே தொடங்குவது.

காலையில் பனி இல்லை. அரை நாள் ஓவர்ரைம். மத்தியானம் வந்ததும் கொடுப்பதென்று எலியைப் பையில் கட்டிக் குளிர்தண்ணீரில் போட்டுவிட்டுப் போனேன். பத்து மணிக்குத் தொடங்கியது புயல். எதிர்ப்பக்கக் கட்டடம் தெரியவில்லை. ஒரு மணிக்கு பஸ் ஓடவில்லை என்றார்கள். இரண்டு மணிக்கும் இல்லை. எலி பழுதாகிவிடும். நாளைக்கு ஒஷாவா. எங்கள் வீட்டில் அவளுக்கு இதுதான் கடைசிச் சாப்பாடு, நான் சாப்பாட்டு அறையில் வெறும் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன் எடுத்தேன். எலியை நீங்கள் கொடுங்கோ என்றேன்.

“நானோ?” என்றார் இவர்.

பையைச் சுடுதண்ணீரில் வையுங்கோ, சூடானதும் இடுக்கியால் பிடித்து நீட்டுங்கோ என்று சொல்லி முடிக்க முதல் எனக்குப் பின்னால் போனுக்கு வரிசை. வைத்துவிட்டேன்.

வீடு வர ஆறு மணி. கடைசித் துண்டு நடை, முழங்கால் வரை பனி. சின்ன அறைக் கதவு திறந்து கிடந்தது. சாத்தியிருக்க வேண்டிய கதவு.

இவர் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். குளிர் ஜக்கெட், இரண்டு கையிலும் கேக் சட்டி தூக்குகிற தடித்த கையுறை, கண்ணில் வெயில் கண்ணாடி. சிரிக்க எனக்குத் தெம்பில்லை. என்னைக் கண்டதும் கையுறையை வாயில் வைத்து சத்தம் போடாதே என்று காட்டினார்.

பூரணம் சூட்டுப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். நடு உடம்பில் ஒரு புடைப்பு.

“பிள்ளை சாப்பிட்டிட்டாள்” என்றார்.

திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். எலியைக் கண்டதும் கழுத்தை எஸ் மாதிரி வளைத்தாளாம். கண் மூடித் திறக்க முதல் பாய்ந்துவிட்டாளாம். இவர் கதிரையோடு பின்னால் விழுந்தாராம். எழும்பிப் பார்க்க மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருக்கிறாள். பிறகு தலைப்பக்கத்தால் மெல்ல மெல்ல. முடிந்ததும் பெரிய கொட்டாவி விட்டாளாம். இவரும் விட்டுக் காட்டினார்.

நான் ஒரு மாதமாகக் காத்திருந்த காட்சி. கண்டது இவர். சந்தோஷத்தில் குதிக்கவா, பொறாமையில் கத்தவா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்த்து வந்தது.

பிறகுதான் யோசித்தேன். என்னிடம் தொடாதவள் இவரிடம் எப்படி? என்ன வித்தியாசம்?

“வடிவாக் கழுவினனீங்களோ?” என்று கேட்டேன்.

“எதை?”

“எலியை.”

“உதை நான் கையாலை தொடுவனெண்டு நினைக்கிறீரோ? பையிலையிருந்து அப்பிடியே இடுக்கியாலை எடுத்தன். ஏன், நீர் கழுவுறனீரோ?”

“மஞ்சள் போட்டு.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உப்பும்” என்றேன். “தேசிக்காயும்.”

“கருவேப்பிலை போடேல்லையோ?”

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மணத்தை வைத்துத்தான் பாம்புக்கு உலகம். புத்தகத்தில் இரண்டாம் அதிகாரம், கோடு போட்டுப் படித்தேன். மூன்று எலியை மணமில்லாமல் கழுவிச் சமையலுக்கு ஆயத்தமாக்கி அவள் மூக்குக்கு முன்னால் நீட்டியிருக்கிறேன். யோசித்தே செய்யவில்லை. பிறீசரால் எது இறங்கினாலும் கை தானாக மஞ்சளுக்குப் போகும், எங்கள் வீட்டுக் கை அப்படி. பாவம் பூரணம். எனக்காக அவள் எவ்வளவு பொறுத்திருக்கிறாள்.

இவர் சிரித்துச் சிரித்துக் கையுறையால் கண்ணைத் துடைத்தார். நானும்.


பெப். 18, ஞாயிறு

வெளியே வெள்ளைவெளேர். ரோட்டில் பனியை வழித்துவிட்டார்கள், நல்ல ரோட்டு. ஒஷாவாவுக்கு ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம்.

ஒஷாவாக்காரனுக்கு இவர்தான் போன் எடுத்தார். தான் பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசன் இங்கிலிசில், மனேச்சரோடு கதைக்கிற குரலில். நாங்கள் வரவில்லை, எங்கள் வீட்டில் அவளுக்குச் சாப்பாடு பிடித்திருக்கிறது என்றார். சமையல் யார் என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். “மீ” என்றார்.

இரண்டு நாளைக்குத் தூக்கக் கூடாது, செமிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அடுத்த எலி அடுத்த ஞாயிறு, என் கையால். இவருக்கும் பார்க்க வேண்டுமாம், கதிரை இரண்டு போடச் சொன்னார்.

மத்தியானம் மீன் வெட்டினேன். மஞ்சள் போத்தலை எடுத்தால் அதன் மேல் ஒரு துண்டு ரேப், யன்னலுக்கு ஒட்டிய அதே ரேப். இவருடைய கோழிக் கிறுக்கல் எழுத்து: பூரணத்துக்கு இல்லை.