படிக்காமல் கையெழுத்துப் போட்ட ரூல் பேப்பர்

திருப்பதி, கொர்லகுண்டா
வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் சுமித்ராவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் பெண் பிரித்திகாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் இந்த மாதம் பகல் ஷிப்ட், போன ஞாயிறு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. குவைத்து வெயிலில் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயசான அம்மாவும் நல்லபடி இருக்கவேண்டும் என்று தினம் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் பெண் கையில் இருக்கிறது, எங்களுக்கு இருப்பதோ ஒரே அறை, இதை அவள் காதில் விழச் சொல்ல எனக்கு முகம் இல்லை. அவள் காலேஜுக்குப் போன நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் தெரு ஜமீலா லீவு முடிந்து நாளை குவைத்துக்குத் திரும்புகிறாள், எள்ளுப்பொடி டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நாகலாபுரம் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்த எழுத்துதான், தப்பு இருந்தால் நீயே சரிபண்ணிப் படித்துக்கொள். பயப்படாதே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த வாரம் நடந்ததில் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. தப்பு பண்ணினது நான்.

காலேஜ் திறந்த இரண்டாம் வாரம் பிரித்திகா நாலு பக்கம் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் பாடத்துக்கு ரூல் எல்லாம் எழுதிய பேப்பராம், கடைசியில் வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். நைனா ஞாயித்துக்கெயமதான் வருவாரு, நாளைக்கே குடுக்கணும், நீயே போட்டுடு ஆயா என்றாள். மாவுக் கையைக் கழுவித் துடைத்து, நா. சுந்தரம்மா என்று முழுசாகத் தமிழில் போட்டேன். எனக்கு எவ்வளவு பெருமை பார்த்துக்கோ, கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் கம்ப்யூட்டர் படிக்கிற முதல் பிள்ளை, அவள் பேப்பரில் என் பேர். கீழ் வீட்டு ஓனர் ரங்கையாவுக்கு வேறு கொண்டுபோய்க் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்ல ஆயா, ஒயுங்கா கிளாசுக்குப் போவணும்னு எழுதிக்கீது என்றாள். அவளும் படிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

போன மாதம் அந்தப் பாடத்து பத்மினி மேடம் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டுக்கு உபயோகப்படுகிற மாதிரி ஒரு பிரோகிராம் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் பெண் என் இட்லி மாவு வியாபாரத்தை எடுத்துக்கொண்டாள். நாலு நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, இத்தனை பேர் வந்தால் அரிசி எத்தனை படி, உளுந்து எவ்வளவு, வெந்தயம் எவ்வளவு, மழை நாளில் எத்தனை பேர் குறைவார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். கடைசியில் நாற்பது பேர் என்று தட்டினால், நான் ஊறவைக்கிற அளவை அப்படியே அந்தப் பெட்டி சொல்கிறதடி. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அதை அனுப்பவேண்டும். நாலரைக்கு பின்சந்து கங்கம்மாள் மகள் அக்ஷயா அழுதுகொண்டே வந்தாள், அவளும் அதே கிளாஸ்தான். ஒரு வரிகூட எழுதவில்லை, உன்னுடையதைக் கொடு, பேரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறேன் என்றாள். உன் பெண் முடியாது, அது கூடாது என்றாள். எனக்கு வந்ததே கோபம். மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது எட்டு நாள் ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் இருந்தவள் கங்கம்மாள், அது உனக்கும் தெரியும். இன்னாமே பெரிய ரூலு, நாத்து நடறப்போ அவங்க கயனிக்கு நாம போனோம், நம்ம கயனிக்கு அவங்க வந்தாங்க, அதுக்கெல்லாம் ரூல் பாத்தா ஒருத்தராவது துன்னு இருப்போமா, குடுடி என்று சத்தம் போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தாள். அக்ஷயா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள், நான் நல்ல காரியம் பண்ணிவிட்ட நினைப்பில் அவள் வீட்டுக்கு ஒரு பாக்கெட் மாவும் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பிரித்திகா வந்து பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் அனுப்புகிற எல்லாவற்றையும் அந்த கம்ப்யூட்டரே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்குமாம், இந்த இரண்டும் ஒன்று என்று காட்டிவிட்டதாம். மேடம் அக்ஷயாவை எழுப்பி, உங்கள் வீட்டில் மாவு அரைப்பது யார் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பயத்தில், எங்க வூட்ல அரைக்கறதில்ல மேடம், இவங்க ஆயாகிட்டதான் வாங்கறோம் என்று சொல்லிவிட்டாளாம். கிளாஸே சிரித்ததாம். நானும் சிரித்துவிட்டேன் சுமித்ரா. அப்புறம் உன் பெண் அந்த ரூல் பேப்பரின் ஜெராக்ஸை எடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள், சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

எழுதினதை வாங்கினவரும் கொடுத்தவரும் அதில் ஒன்றுதானாம், இரண்டுமே திருட்டாம், இரண்டு பேருக்கும் அந்தப் பாடமே ஃபெயில், அடுத்த வருஷம் புதிதாக வருகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்கவேண்டும். கொடுப்பது எப்படியடி திருட்டாகும்? என் தலையில் ஏறவே இல்லை. கூடப் படிக்கிறவர்களோடு பேசலாமாம், பேப்பரில் படம் போட்டு விளக்கலாமாம், எழுதினதைக் காட்டக்கூடாதாம். அந்த ஏஐ என்கிறார்களே, ரங்கையா பேரன் எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்கிறான், அதனிடம் எழுதி வாங்கிக் கொடுப்பதும் இதே குற்றமாம். சந்தேகம் இருந்தால் கேட்க மேடம் செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குத் தன் அறையில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் எழுதியிருந்தது, இந்த இரண்டு பெண்களும் ஒருநாள்கூடப் போனதில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. மூன்று நாளைக்குள், வியாழன் நாலு மணிக்குள், இரண்டு பேரும் நேரில் போய் நடந்ததைச் சொன்னால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் முட்டை போட்டு விட்டுவிடுவார்கள். ஒருவர் மட்டும் போனால் போதாதாம், இரண்டு பேரும் வரவேண்டும்.

ரங்கையாவிடம் யோசனை கேட்டேன். ரொம்ப சுலபம் சுந்தரம்மா, லேப்டாப்ப தெறந்து வெச்சிட்டுப் போயிருந்தேன், அந்தப் பொண்ணு எனக்குத் தெரியாம எடுத்துக்கினு பூட்சின்னு உங்க பேத்தி சொல்லட்டும், தப்பிச்சிக்கும் என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அப்படியே பிரித்திகாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நீ கோபத்தில் பார்ப்பாயே, அதே பார்வை. அயுதுகினு வந்தாளேன்னு நீதான குடுக்கச் சொன்ன, இப்ப அவளைத் திருடின்னு சொல்லச் சொல்றியே என்று கேட்டாள்.

செவ்வாயும் புதனும் அக்ஷயா காலேஜுக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. புதன் சாயங்காலம் நானே கங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் சாவகாசமாகப் பூ கட்டிக்கொண்டு, காலேஜுக்கு லீவுன்னு சொல்லிட்டு சித்தூருக்கு அவ மாமா வூட்டுக்குப் போய்க்கீறாக்கா என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த நாரைப் போட்டுவிட்டு எழுந்தவள், ஏன்க்கா, எம் பொண்ணு அறியாப் பொண்ணு கேட்டா, உன்ன யாரு குடுக்கச் சொன்னது என்று கேட்டாள். யாருக்காகச் செய்தேனோ அவளே கேட்கிறாள். செருப்பால் அடித்தமாதிரி இருந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பு என்ன?

மறுநாள் வியாழக்கிழமை. வாடிக்கைக்காரர்களுக்கு இன்று மாவு கிடையாது என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து சித்தூருக்குப் போனேன். கங்கம்மாளும் வருகிறேன் என்றாள், நீ வந்தால் அடிப்பாய், வேண்டாம் என்றுவிட்டேன். கிரீம்ஸ்பேட்டையில் அவள் அண்ணன் அப்பாவு வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே மணி பத்தாகிவிட்டது. அக்ஷயா உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். இன்னா ஆயா, திட்ட வந்தியா என்றாள். பஸ்ஸுல உக்காந்து திட்டறேன், இப்ப எயுந்து மூஞ்சி கயுவு என்றேன். வரமாட்டேன், எல்லாரும் சிரிப்பாங்க, படிப்பே வேணாம், மாமாவோட கூழ் ஃபேக்டரிக்கு மாம்பயம் வெட்டப் போறேன் என்று ஒரே அழுகை. ஒரு மணி நேரம் பேசினேன். நீ வரலன்னா எம் பேத்தியும் ஃபெயிலு, நான் சொல்லித்தான அவ குடுத்தா, உங்க ரெண்டு பேருக்கு முன்னாடி நான் போய் மேடம் எதிர்ல நிக்கறேன், எனக்கு அப்புறம் நீ வா என்ற பிறகுதான் எழுந்தாள். அப்பாவு மகள் நாலு இட்லி கட்டிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் பாகாலா பக்கத்தில் லாரி ஒன்று குறுக்கே நின்று, பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. காலேஜ் வாசலுக்குப் போனபோது மூன்றே முக்கால், பிரித்திகா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பத்மினி மேடத்துக்கு முப்பது வயசு இருந்தால் அதிகம், புத்தூர்க்காரர்கள், தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள். இரண்டு பெண்களும் நடந்ததைச் சொன்னார்கள். நான் கையைக் கூப்பி, தப்பு என்னுது மேடம், இவங்களுக்குப் போடற முட்டைய எனக்குப் போடுங்க என்றேன். உங்க பேரு என் ரெஜிஸ்டர்ல இல்லையேம்மா என்று சிரித்தார்கள். நாற்று நடுகிற கதையை அவர்களிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரீட்சையில இந்தப் பொண்ணு தனியா உக்காருமே, அன்னிக்கு உங்க பேத்தி கூட வந்து எழுதுமா என்று கேட்டார்கள். பிறகு அந்த ரூல் பேப்பரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஆறு மாதத்தில் மூன்று நாள் தாமதமாகக் கொடுக்கச் சலுகை உண்டாம், காரணம்கூடச் சொல்லவேண்டாமாம். அக்ஷயா அதில் ஒரு நாளைக்கூட எடுத்திருக்கவில்லை. சுமித்ரா, அழவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், திங்கட்கிழமை வரை உட்கார்ந்து நிதானமாக எழுதியிருக்கலாம்! அந்த வரி என் வீட்டில்தான் இருந்திருக்கிறது, படித்துப் புரிந்துகொண்டேன் என்று அதற்குக் கீழே நா. சுந்தரம்மா என்று முழுசாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பேருக்கும் அந்த வேலைக்கு முட்டை, நூற்றுக்குப் பத்து மார்க் போயிற்று, பாடம் பிழைத்தது. இனி ஒருமுறை நடந்தால் பேச்சே இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அக்ஷயா செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குத் தன் அறைக்கு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள், இன்றைக்கே போகிறாள். வீட்டுக்கு நடந்து வரும்போது பிரித்திகாவைக் கேட்டேன், திங்கட்கிழமையே எங்க ஆயாதான் குடுக்கச் சொன்னாங்கன்னு மேடத்திடம் ஏன் சொல்லவில்லை என்று. நீ சொன்ன, குடுத்தது என் கைதான ஆயா என்றாள்.

இன்று சாயங்காலம் நீ போன் பண்ணுவாய். முட்டை வாங்கினேன், தப்பு என்மேல்தான் என்று மட்டும் சொல்வாள், என் பேரை எடுக்கமாட்டாள், எனக்குத் தெரியும். நீ திட்டுவாய், அதுவும் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அவளுக்கு முன்னால் சொல்லத் தைரியம் வருமோ வராதோ தெரியவில்லை, அதனால்தான் இதை எழுதிவிட்டேன். இதைப் படித்து முடித்ததும் திரும்பவும் போன் பண்ணு, திட்டினது உன்னையில்லை கண்ணு என்று அவளிடம் சொல்லு. அதற்கப்புறம் போனை என் கையில் கொடுக்கச் சொல்லு.

நாகலாபுரத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியாயிற்று, நல்ல விளைச்சல், உனக்கு வறுத்து அனுப்புகிறேன். வேளை தவறாமல் சாப்பிடு, கண்ணுக்கு விடுகிற மருந்தை நிறுத்தாதே. நீயும் உன் குடியும் குறைவில்லாமல் வாழ என் ஆசீர்வாதம். அங்கே ஏதாவது பேப்பரில் கையெழுத்துக் கேட்டால், யாரையாவது வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

உன் அம்மா
நா. சுந்தரம்மா