தராவாவுக்கு நேர்வழி இல்லை

ஆகஸ்ட் 2, ஞாயிறு
தேவாலயம் விட்டு வந்ததும் கைசிராவின் போன். கல்யாணம் 22ஆம் தேதி, தலைநகர் தராவாவில். பெண் அகோயா, அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். “அம்மா, நீ வந்தே ஆகணும்.” வருகிறேன் என்றேன். வாழ்த்தினேனா? இல்லை. ஒரே பிள்ளை. அவளைக் கட்டினால் இந்தத் தீவுக்குத் திரும்பவே மாட்டான். போன மாதம் போன் ஸ்பீக்கரில், அவள் காதுபடவே இதைக் கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 4
வேலை பார்க்கும் விடுதியில் சமைத்துக்கொண்டே, மீன்பிடிக்க வந்திருக்கும் வெள்ளைக்காரரிடம் கேட்டேன். போனில் அளந்து சொன்னார்: தராவாவுக்கு நேராக 3,300 கிலோமீட்டர். நாலரை மணி நேரம் போதுமாம். 19ஆம் தேதி நேர் விமானம் இருக்கிறது. இடம் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 13
நேர் விமானம் ரத்து. பழுதாம். இனி ஃபிஜியைச் சுற்றித்தான். அங்கே நாந்தி ஊருக்கு 3,500 கிலோமீட்டர், அங்கிருந்து தராவாவுக்கு இன்னும் 2,200. காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று நாள். ஆகட்டும், போகிறேன் என்றேன்.
சீட்டு போடும் பெண் கேட்டாள்: “பாஸ்போர்ட் எங்கக்கா?”
“எதுக்குடி? என் நாட்டுத் தலைநகருக்குத்தானே போறேன்?”
“நடுவுல வேற நாட்டுல இறங்குறீங்களே.”
வீட்டில் தேடி எடுத்தால், காலாவதியாகி இரண்டு வருடம். புதியது தராவாவிலிருந்துதான் வர வேண்டும். எதில் வரும்? விமானத்தில்!
“நீந்திப் போயேன், நேர்வழி,” என்றார் தெபாவு. கட்டின புருஷன் பேசும் பேச்சா? முறைத்தேன். பிறகு இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன்.

ஆகஸ்ட் 19
பாஸ்போர்ட் வரவில்லை. ஃபிஜி விமானம் போய்விட்டது.

ஆகஸ்ட் 22, சனி
இங்கே மதியம் ஒரு மணி, அங்கே பதினொன்று. யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பாட்டு கேட்டது, பிறகு இரைச்சல், பிறகு ஒன்றுமில்லை.
ரெண்டு வாரம் தள்ளிப்போட்டா குடியா முழுகிடும்? அவள்தான் வேண்டாம் என்றிருப்பாள். ஏன் சொல்லமாட்டாள் — நான் பேசின பேச்சுக்கு?

செப்டம்பர் 10
கைசிரா பேசினான். “புதன்கிழமை விமான நிலையத்துக்குப் போம்மா.” அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறான்! என் பிள்ளை வருகிறான்!

செப்டம்பர் 16, புதன்
எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவனைக் காணோம். கடைசியாக ஒரு பெண், மூன்று நாள் பயணத்தில் கால் வீங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படத்தில் பார்த்த முகம். அகோயா.
“நீ மட்டுமா? அவன் எங்கே?”
“நாந்தியிலேர்ந்து ஒரு சீட்டுதாம்மா கிடைச்சுது. ‘நீ அடுத்த வாரம் வா, நான் முன்னாடி போறேன்’னு உங்க பிள்ளைகிட்ட சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.”
“அப்படி என்ன அவசரம்?”
“இங்க ஆஸ்பத்திரிக்கு மாத்தல் கேட்டிருந்தேன், போன வருஷமே. இப்பத்தான் குடுத்தாங்க. திங்கக்கிழமை சேரணும்.”
போன வருஷமே. அப்படியானால், நான் கத்தியபோது —
“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பொண்ணே?”
“கைக்கு வராததை எப்படிம்மா சொல்றது?”
தெபாவு கொண்டுவந்த வண்டியில் பின்னால் ஏறினோம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீடுவரை சாலை முழுக்கக் குழி. தெபாவுவின் முதுகைத் தட்டி, மெதுவாக ஓட்டச் சொன்னேன்.