மருதாணிக்குக் கிராப்பு

இரணியல்
1934 ஜூலை 9

அன்பு மருமகள் நேசபாய்க்கு, உன் அம்மையோடு பிறந்த ரசலையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் ஆடும் சுகம். பீர்மேட்டுக் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

நீ தேனீக்காக நட்ட மருதாணிச் செடிகள் காடாய்க் கிடந்தன. நம் சபை ஐயர் வீடு சந்திக்க வருகிறார் என்றதும் கத்திரியை எடுத்தேன். திருவனந்தபுரத்து அரண்மனைத் தோட்டக்காரனுக்கே கத்திரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். எல்லாவற்றுக்கும் உருண்டையாகக் கிராப்பு வெட்டிவிட்டேன். பார்த்த ஐயர் ஜெபத்தையே மறந்துபோனார்.

உன் தேனீப் பெட்டியில் ஈக்கள் கிறிஸ்துமஸ் ஆராதனைபோல நெரிகின்றன. முதல் தேனைக் கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுக்கிறேன் என்று சபையில் எழுந்து சொல்லியாயிற்று.

மாமன்,
ரசலையன்

பீர்மேடு
1934 ஜூலை 18

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் விட்டபாடில்லை. மருதாணி கிளை நுனியில்தான் பூக்கும். மொட்டு வைக்கிற நேரத்தில் நுனியை வெட்டினால் ஈ எதைத் தின்னும்? பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேனே.

பெட்டி மெய்யாகவே நிறைந்திருந்தால், இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து தேன் எடுத்தே பிழைத்துக்கொள்வேன். துரை மாதக் கடைசிக்குள் முடிவு கேட்கிறார். மாமா, உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

நேசபாய்

இரணியல்
1934 ஜூலை 23

மக்கா,

நான் என்றைக்கு இல்லாததை எழுதினேன்? ஈக்கள் பெட்டியில் இல்லாத நேரம் பூவுக்குப் போயிருக்கும். எந்தப் பூவுக்கு என்று பக்கத்து வீட்டு ஞானதாசன் கேட்டான். "ஏலே, அதை ஈக்கிட்ட கேளு" என்றேன். மண்டைக்காடு வரை பறந்து போய் வரும் ஜாதி அது. தைரியமாய் வேலையை விட்டுவிட்டு வா.

ரசலையன்

இரணியல்
1934 ஜூலை 24

மக்கா நேசபாய்,

நேற்றைய கடிதத்தை நம்பாதே. வேலையை விட்டுவிடாதே.

அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து உன் பெட்டியைத் திறந்தேன். காலி. நான் கிராப்பு வெட்டிய வாரமே ஈக்கள் போயிருக்க வேண்டும். நீ வந்து இதைத் திறக்கிறதை நினைத்ததும் கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தேன். தபால்காரனைத் துரத்தி இரணியல் சந்தைவரை ஓடினேன். குதிரையே தோற்கும் ஓட்டம். ஆனாலும் தபால் பை போய்விட்டது.

வெட்டிய இடமெல்லாம் துளிர் விட்டிருக்கிறது. இனி கத்திரி தொடமாட்டேன். சுவரோரச் செடியில் எனக்கு எட்டாமல் தப்பிய ஒரு கொத்து இன்று பூத்தது. வாசம் முற்றம்வரை வந்தது. வெயில் ஏறுமட்டும் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

தேனீ வந்தது. ஞானதாசனிடம் ஆயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு எழுதுகிறேன்: ஒன்று.

ரசலையன்