பாதி மாத்திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. போனில் என்றால் நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் தங்கை மறுபடி ஆஸ்பத்திரியில், ஒன்பது நாளாகிறது. போன தடவை மாதிரியே பேச்சு குழறியது, பிறகு கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்போது அவள் வேலை பார்த்த கடையில் பில் போடும் இடத்தில் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தட்டினாள் என்று, நடிக்கிறாள் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினான் கடை மேனேஜர். மூலைக் கிளினிக் டாக்டர் வயசுப் பெண்களுக்கு இப்படி வரும், தூங்கினால் சரியாகும் என்றார். எதிர்வீட்டுக்காரி காதல் விவகாரமா என்று என்னையே கேட்டாள். அந்த மேனேஜர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருப்பார்கள், நமக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நான் துணிக் கம்பெனியில் செக்கிங் என்றதும், ஸ்கேன் பார்த்த பெரிய டாக்டரம்மா அதை வைத்தே விளக்கினார். ரத்தத்தில் டி செல் என்று உங்களை மாதிரி செக்கர்கள் உண்டு, தப்பு பீஸ் என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது, தாக்கு என்று இன்னொரு சிக்னலும் வரவேண்டும், உங்கள் மகளுக்கு நல்ல பீஸுக்கே இரண்டும் வந்துவிட்டது, அதுகள் மூளைக்குள் புகுந்து வீக்கம் உண்டாக்குகின்றன, மாத்திரை அதை அடக்கும் என்றார். எங்கள் சூப்பர்வைசரும் அந்த ஜாதிதான் டாக்டர் என்றேன். சிரித்துவிட்டார்.

இவ்வளவு புரிந்தும் நான்தான் கெடுத்தேன். மருந்துக்கடைக்காரர் இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கம்பெனியில் எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இருமல், வீட்டுக்குக் கொண்டுவருகிறவள் நான். எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவளுக்கு இருக்கிற சக்தியையும் குறைப்பதா என்று, நூல் வெட்டும் கத்தரியால் மாத்திரைகளைப் பாதியாக்கினேன். ஆறு வாரம். யாருக்கும் தெரியாது. மாத்திரையால் உப்பியிருந்த முகம் வடிந்ததும், பார்த்தாயா தேறிவிட்டாள் என்றார் அப்பா. அன்று ராத்திரியும் கத்தரியை எடுத்தேன்.

முழு அளவு கொடுத்தும் கேட்கவில்லை, இனி கடுமையான மருந்துதான் என்று நேற்று டாக்டரம்மா கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். ஆபத்துகள் மட்டுமே ஒரு பக்கம் இருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை, நாளைக்குப் போடுகிறேன் என்று தாளோடு வந்துவிட்டேன். இன்று காலை போய்ச் சொன்னேன். திட்டவில்லை. எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய மருந்தையே முழு அளவில் ஊசியாகப் போடலாம், ஐந்து நாள் பார்ப்போம் என்றார். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார், அதோடு சரி. எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை.

முதல் ஊசி போட்டாயிற்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னாலும் ஏறாது. என்னை நர்ஸ் என்று நினைத்து, எங்கம்மா எப்போ வருவாங்க என்று கேட்கிறாள். வந்துவிடுவார்கள் என்கிறேன். தெளிந்தபிறகு நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா