மூன்றாம் மதிப்பீட்டாளரின் குறிப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய அறிவிப்புத் தாள் வந்தது. கூடவே நீ எழுதிய இரண்டு பக்கத் திட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. போன் எடுப்பதில்லை என்று குறைப்படுகிறாய். போனில் பேசினால் நாம் இரண்டாவது நிமிடமே சண்டைக்கு நிற்கிறோம். கடிதம் என்றால் அதே சண்டைக்குப் பத்து நாள் பிடிக்கிறது. அதனால் கடிதமே இருக்கட்டும்.

'ஓராண்டு உடனிருப்பு' திட்டத்தைப் படித்தேன். ஓவியன் ஒருவன் ஒரு வட்டாரத்து மக்களோடு ஒரு வருடம் இருந்து, அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய உங்கள் மாநிலக் கலை மன்றம் உதவுமாம். எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கிறது.

உனக்கு நான் இதை ஒழுங்காகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு முடிந்ததும் மரக்கடைக்குப் பின்னால் உள்ள கிடங்குக்குப் போகிறேன். அங்கே ஒன்பது பேர் வருகிறார்கள். எல்லோரும் தகடு வெட்டும் ஆலையில் பிரஸ் மிஷினுக்கு விரலைக் கொடுத்தவர்கள். கரியும் காகிதமும் வைத்து வரைகிறோம். முதல் மாதம் யாரும் ஒரு கோடு போடவில்லை. வந்து டீயைக் குடித்துவிட்டு, என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது கரித்துண்டுக்கு அடிதடி.

அதில் ஒருவர் அந்த ஆலையிலேயே மேஸ்திரியாக இருந்தவர். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு வீட்டில் சுவரைப் பார்த்தபடி ஏழு மாதம் உட்கார்ந்திருந்தாராம். அவர் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டாள். இன்று இடது கையால் வரைகிறார், எங்களில் யாரையும்விட நன்றாக. ஆலையிலிருந்து ஆள்மேல் ஆள் விடுகிறார்கள், "ஒரு கை போதும்யா, சும்மாதான இருக்க, வந்து மிஷின் பக்கத்துல நில்லு" என்று. "எனக்கு வேற வேலை இருக்குப்பா" என்று சொல்லி அனுப்புகிறார். அந்த வேறு வேலை இந்தக் கிடங்குதான்.

மரக்கடைக்காரர் ஜூன் வரைதான் இடம் தருவார். மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் மேலும் ஒரு வருடம் எங்களுக்கு. வராவிட்டால் பலகை அடுக்கிவிடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் பலகை வைக்க இடம் வேண்டுமே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அங்கே திட்டப் பிரிவிலேயே உட்கார்ந்திருக்கிறாய். யாரிடமும் என் பெயரை எடுக்காதே. அக்கா தயவில் வாங்கினான் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். சத்தியம் செய்து பதில் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

சத்தியம், சத்தியம், சத்தியம். போதுமா? உனக்காகப் போய் நிற்க எனக்கு என்ன தலையெழுத்தா?

நான் வாயைத் திறந்தாலும் பலனில்லை என்பதைத் தெரிந்துகொள். பெயரையும் ஊரையும் வெட்டி எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டுத்தான் விண்ணப்பங்களைப் படிக்கக் கொடுப்போம். மூன்று மதிப்பீட்டாளர்கள், ஆளுக்குப் பத்து மதிப்பெண். இரண்டு பேர் வெளியாட்கள், ஒருவர் எங்கள் அலுவலகத்து ஆள். யார் எதைப் படிக்கிறார்கள் என்று குலுக்கிப் போட்டு எடுப்போம். ஐந்துக்குக் கீழே போட்டால் காரணம் எழுதியாக வேண்டும். அந்தக் காரணத்தை விண்ணப்பித்தவருக்கு அப்படியே அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி விதி நான் மூன்று வருடம் மல்லுக்கு நின்று கொண்டுவந்தது. முன்பெல்லாம் 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி போகும், அவ்வளவுதான். ஏன் தோற்றோம் என்று ஒருவனுக்குத் தெரிய வேண்டாமா?

விண்ணப்பத்தில் உன் வழக்கம்போல் மனத்தின் ஆழம், வானத்தின் நீலம் என்று அளக்காதே. கிடங்கில் எத்தனை மணிக்கு விளக்குப் போடுகிறீர்கள், யார் என்ன வரைகிறார்கள் என்று எழுது. ஒரு படத்தை இணைத்து அனுப்பு.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். "அந்த மேஸ்திரி இப்ப ஒழுங்கா சாப்பிடறாராமா?" என்று விசாரித்தாள். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை, பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். ஒன்பது பேரும் தபால் நிலையத்துக்கு வந்தார்கள். ஊழியர் முத்திரை குத்தும்போது எல்லோரும் எட்டிப் பார்த்ததில் அந்த மனுஷர் மிரண்டுவிட்டார்.

படிவத்தில் 'பயனாளிகள் யார்?' என்று ஒரு கேள்வி. படித்துக் காட்டினேன். ஒன்பது பேரில், ஆலையில் டப்பா மூடி அடிக்கும் பிரிவில் இருந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பயனாளியா? நாம என்ன வரிசையில நின்னு மாத்திரையா வாங்குறோம்?" என்றாள். அதை அடித்துவிட்டு 'ஓவியர்கள், ஒன்பது பேர்' என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். தப்பென்றால் நான் பொறுப்பில்லை.

இணைத்த படம் மேஸ்திரியுடையது. காலையில் அவருக்கு மனைவி சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். அந்த இரண்டு கைகளையும் பொத்தானையும் மட்டும் வரைந்திருக்கிறார். முகமே இல்லை. பதினொரு தரம் வரைந்து பத்தைக் கிழித்தார். "மன்றத்துக்குப் போகுதுல்ல சார், அரைகுறையா போகக் கூடாது" என்றார். நீ அங்கே இருப்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இது எனக்கு வரும் பரிசாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இவர்கள் எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

உன் தம்பி


மே 21

அன்புத் தம்பிக்கு,

மன்றத்தின் கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். இந்த முறை அமையவில்லை. நாற்பத்தொரு விண்ணப்பங்கள், ஆறு இடங்கள். உன்னுடையது ஏழாவதாக வந்தது. அதையே பெருமையாக எடுத்துக்கொள். அடுத்த வருடம் மறுபடி போடலாம்.

மதிப்பீட்டாளர் குறிப்பு ஒன்று தனித்தாளில் இருக்கும். அது உனக்காக எழுதப்பட்டது. உன் ஆட்களுக்கெல்லாம் படித்துக் காட்ட வேண்டியதில்லை. இதை மட்டும் தயவுசெய்து கேள்.

மரக்கடைக்காரரிடம் இன்னும் ஒரு மாதம் கேட்டுப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் பிந்திவிட்டது. மன்றத்தின் உறை வந்தபோது எல்லோரும் கிடங்கில் இருந்தார்கள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் தனியாகப் படிக்க முடியுமா? கடைசி எழுத்து வரை உரக்கப் படித்தேன். குறிப்பையும்தான்.

ஒருவர் ஒன்பது, இன்னொருவர் எட்டு. மூன்றாம் மதிப்பீட்டாளர் நான்கு. மொத்தம் இருபத்தொன்று. ஆறாவதாக வந்தவர்களுக்கு இருபத்திரண்டு. குறிப்பை உனக்கும் எழுதுகிறேன், உங்கள் அலுவலகம் என்ன அனுப்புகிறது என்று நீயும் பார்: 'இணைக்கப்பட்ட ஓவியத்தின் கோடுகளில் பயிற்சியின்மை தெரிகிறது. இது கலைப் பணி என்பதைவிட மறுவாழ்வுப் பணி என்றே தோன்றுகிறது. தொடர்வதால் கலைக்குப் பயன் உண்டா என்பது ஐயமே.'

படித்து முடித்ததும் மேஸ்திரிதான் என்னைத் தேற்றினார். "படிச்சவங்க பார்த்துச் சொல்றாங்க சார், சரியாத்தான் இருக்கும். என் கோடு கோணல்தானே" என்றார். நான் கத்தினேன், சண்டை போட்டேன், அந்தக் குறிப்பைக் கசக்கி எறிந்தேன். அவர் அதை எடுத்து நீவி, மடித்து, என் பையில் வைத்தார். திங்கட்கிழமை ஆலைக்குப் போய்விட்டார். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், மிஷின் பக்கத்தில் நிற்கிற வேலை.

கிடங்கில் பலகை அடுக்கியாகிவிட்டது. மற்றவர்கள் தெருவில் பார்த்தால் தலையாட்டுகிறார்கள்.

அந்த மூன்றாம் ஆள் யார் என்று உன்னைக் கேட்க மாட்டேன். உன் வேலைக்கு வினை வரக்கூடாது. ஆனால் வராந்தாவில் எதிரே வந்தால் எனக்காக ஒரு முறை முறைத்துவிட்டுப் போ. நாற்காலியில் பசை தடவ முடிந்தால் இன்னும் நல்லது.

உன் தம்பி


ஜூலை 30

அக்கா,

மேஸ்திரியின் இடது கை போய்விட்டது. நேற்றுக் காலை. மணிக்கட்டு வரை. மிஷின் பக்கத்தில் நிற்கத்தான் கூப்பிட்டார்கள், ஆள் குறைந்த அன்று அவரையே ஓட்ட வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த ரூமு இருந்திருந்தா போயிருப்பாரா சார்?"

அம்மாவிடம் சொல்லாதே.

தம்பி


ஆகஸ்ட் 7

அன்புத் தம்பிக்கு,

இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் மதிப்பீட்டாளர் நான்தான்.

இருபத்தேழாம் எண் விண்ணப்பம் குலுக்கலில் என் மேஜைக்கு வந்தது. முதல் பக்கத்தில் 'பயனாளிகள்' என்பதை அடித்து 'ஓவியர்கள், ஒன்பது பேர்' என்று எழுதியிருந்தது. பெயரை வெட்டி என்ன, ஊரை வெட்டி என்ன, நீ எதிரே வந்து உட்கார்ந்தது போல இருந்தது. விண்ணப்பித்தவரைத் தெரியும் என்றால் ஒரு வரி எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தப் படிவம் என் இழுப்பறையிலேயே இருக்கிறது. வேறொருவர் படித்திருப்பார், ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. போன வருடம் ஒருவர் அப்படி விலகினார். அவருக்கு வேண்டியவர் ஜெயித்தார். இன்றைக்கும் கேன்டீனில் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். உன் தம்பியா என்று யாரும் கேட்கவே கூடாது என்று நினைத்தேன். இந்த அலுவலகத்தில் என் பெயரில் ஒரு தூசி இல்லை. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒன்பது போட்டால் பாசம் என்று தோன்றியது. ஏழு போட்டாலும் அதில் பாசம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று சந்தேகம். நான்கு போட்டால் நாளைக்கு எது தெரியவந்தாலும் யாரும் வாய் திறக்க முடியாது. மற்ற இரண்டு பேரும் தூக்கிவிடுவார்கள், அவ்வளவு நல்ல விண்ணப்பம், எப்படியும் ஜெயித்துவிடும் என்று நம்பினேன். நான் கை கழுவிக்கொண்டாலும் உனக்குக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நான்கு போட்டதால் காரணம் எழுத வேண்டியிருந்தது. அரைமணி நேரம் அந்தப் படத்தில் குறை தேடினேன். கிடைக்கவில்லை. தம்பி, நாற்பத்தொரு விண்ணப்பங்களோடும் வந்த படங்களில் அதுதான் மிகச் சிறந்தது. பொத்தானைப் பிடித்திருக்கிற அந்தப் பெண்ணின் விரலில் அவசரமும் இருந்தது, அன்பும் இருந்தது. இருபது வருடமாகப் படங்களைப் பார்க்கிறவள் சொல்கிறேன். குறை கிடைக்காததால் வாயில் வந்ததை எழுதினேன். அது மேஸ்திரியின் காதில் விழும் என்று எனக்குத் தெரியாதா? நான் கொண்டுவந்த விதிதானே.

எல்லாவற்றையும் எழுதிச் செயலரிடம் கொடுத்தேன். "தம்பிக்குக் குறைச்சுப் போட்டதுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களாம்மா?" என்று சிரித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கைப்பையில் இருக்கிறது.

நான் அங்கே வருகிறேன். மேஸ்திரியின் காலில் விழுகிறேன். நீ என்ன சொல்கிறாயோ செய்கிறேன். ஒரு வரி எழுது.

அக்கா


ஆகஸ்ட் 22

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் குறிப்பைப் படித்தவன் நான், இதையும் நான்தான் படிக்க வேண்டும். நீ என் அக்கா என்பதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியவன் நான் என்பதையும் சொன்னேன்.

குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "படத்தப் பத்தி எழுதியிருக்காங்களே, அந்த எடத்த மட்டும் இன்னொரு தரம் படிங்க சார்" என்றார். படித்தேன். மனைவி பக்கம் திரும்பி, "நல்லாத்தான் இருந்திருக்காம்" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்ல. நான் சொன்னா எங்க கேட்டீங்க?" என்றாள் அவள்.

அதற்கு மேல் அவர்கள் இருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

நீ வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். காலில் விழுந்தால் தூக்கிவிட அவருக்குக் கை இல்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கிளம்பும்போது கூப்பிட்டு, "உங்க அக்காவத் திட்டி எழுதாதீங்க சார். பாவம், அவங்களும் ஒரு எடத்துல வேலை பாக்குறவங்கதான்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் எழுதிக் கிழித்தேன். சின்ன வயதிலிருந்து உன்னைத் திட்டாமல் நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. விளையாட்டுக்குத் திட்டியதெல்லாம் இப்போது வரவில்லை. வருகிறதெல்லாம் நிஜமாகவே வருகிறது. அவருக்குத் தலையாட்டியிருக்கிறேன், அதை மீற மாட்டேன். திட்டாமல் எழுதவும் எனக்குத் தெரியவில்லை. அதனால் இனி உனக்கு எழுதப்போவதில்லை.

அம்மா கேட்டால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

தம்பி