படையலில் ஆடிய ஹூலாக்காரி

என்றைக்கும் என் இஞ்சாருங்கோ,

கூப்பிட்டால் "ஓமப்பா, வாறன்" என்று சொல்ல ஆளில்லாத வீட்டிலிருந்து எழுதுகிறேன். அழுதுகொண்டிருப்பேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம்.

நேற்று உங்கள் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் நாங்கள் வாங்காத மரக்கறி இல்லை, மீன் இல்லை. உங்களுக்கு விருப்பமானதெல்லாம் படைக்க வேண்டும் என்று செவ்ரானிலிருந்து உங்கள் அண்ணர் விடியவே வந்துவிட்டார். படத்துக்கு முன்னால் ஒரு விஸ்கிப் போத்தலையும் வைத்தார். அதன் மணமே பிடிக்காத உங்களுக்கு விஸ்கி! அது யாருடைய விருப்பம் என்று எனக்குத் தெரியாதா?

பிறகு அவருடைய கண் அலுமாரிக்குப் போனது. ஞாயிறுதோறும் பழஞ்சாமான் சந்தையில் நீங்கள் தேடிப் பிடித்த ஹவாய்த் தீவு ஹூலா நடனக்காரிகள், சுவிச்சைப் போட்டால் இடுப்பாட்டும் விளக்குப் பொம்மைகள், புல்லுப் பாவாடையும் தலைக்கு மேல் மின்குமிழுமாக அங்கே வரிசையில் நின்றார்கள்.

"பிள்ளை, செத்தவீடு. சனம் என்ன சொல்லும்? உந்த இடுப்பாட்டுற விளக்குகளை ஏத்திக்கொண்டு போக ஒபர்வில்லியேயில ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டன்."

என்னிடம் ஒரு சொல் கேட்டாரா?

உங்கள் தங்கச்சி சமாதானத்துக்கு வந்தாள். சட்டை தைத்து மிஞ்சிய பட்டுத் துண்டுகளை எடுத்து அந்தப் பொம்மைகள் எல்லாருக்கும் சேலை போலச் சுற்றிவிட்டாள். "இப்ப வடிவாத்தானே இருக்கு, மச்சாள்?" என்று மேல்தட்டில் நின்றவளின் சுவிச்சையும் போட்டாள். பட்டு இடுப்புக்குள் சிக்கி, மோட்டார் உறுமி, கருகல் மணம் வந்துவிட்டது.

ஓடிப்போய் நான்தான் துணியை உருவினேன். அவள் யார் தெரியுமா? நீங்கள் முதன்முதல் வாங்கியவள். பழையவள் என்று நம்பிக் கொண்டுவந்து, அடியைத் திருப்பிப் பார்த்தபோது புதிதாகச் செய்த பிளாஸ்டிக் நகல் என்று தெரிந்ததே, அவள். கனத்த உலோகத்தில் வார்த்த அசல்கள் எத்தனை வந்தும் அவளை நீங்கள் கீழே இறக்கவில்லை. "ஏமாந்தது நானப்பா. அவள் என்ன செய்தவள்?" என்றீர்கள்.

விஸ்கிப் போத்தலை எடுத்து அண்ணரின் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில் அவளை வைத்தேன்.

"அவருக்கு விருப்பமானதுதானே படைக்கவேணும், அண்ணை? இதுதான் அவருக்கு விருப்பம். ஒண்டும் இந்த வீட்டை விட்டுப் போகாது."

சுவிச்சைப் போட்டேன். கொஞ்சம் திக்கினாள், பிறகு ஆடினாள். அண்ணர் போத்தலைக் கதிரைக்குக் கீழே வைத்தார். உணவக அடுப்படியில் நாள் முழுக்க நின்ற உங்கள் கால்களை நீட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க நீங்கள் இருந்திருக்கக் கூடாதா? இவ்வளவு அவசரமாக எங்கே போனீர்கள்?

இந்த ஞாயிறு சந்தைக்கு நான் போகிறேன். அடியைத் திருப்பிப் பார்ப்பேன். நகல் என்றாலும் மனசுக்குப் பிடித்தால் கொண்டுவருவேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லாரும் மறுபடியும் வருவார்கள். ஒன்று விடாமல் எல்லா விளக்கையும் போட்டு, ஹூலாக்காரிகள் எல்லாரையும் ஆடவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் ஹூலாக்காரிகளோடு குடியிருக்கும்
உங்கள் மனிசி,
யோகா