வாழைமரம் கட்டிய பாவடி

மாசி 2, திங்கள்

பனி. தறிக்கு ஏற்றும் பாவு நூல் காய வெகு நேரம். கஞ்சி திரிந்துபோய் வீட்டுக்காரி சரசு மறுபடி காய்ச்சினாள், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

மத்தியானம் டவுன் பஞ்சாயத்து ஆபீசில் ஊர் விரிவாக்கப் படம் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். எல்லாம் மீட்டர் கணக்கு. நம் தெருவுக்குப் பின்னால், பாவடி இருக்கும் இடத்தில் மஞ்சள் பூசி ‘காலி இடம் – வீட்டு மனைகள்’. காலி இடமாம்! விடிந்தால் தெருவே அங்கேதான் நிற்கிறது. நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக் காயவைக்க வேறு எங்கே போவது? பாவடி போனால் தறியை உடைத்து அடுப்பெரிக்கலாம்.

குமாஸ்தா: “மனு எழுதிக் குடுங்க. ஆபீசர் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாரு.”

மாசி 3, செவ்வாய்

தெருக் கூட்டம். எட்டாவது வரை படித்த பாவத்துக்கு மனு எழுதும் வேலை என் தலையில். யார் கையெழுத்து முதலில் என்று சண்டை. நடுவில் ஒருவர்: “ஏனுங்க, அந்தக் காலனியில நமக்கும் ரெண்டு மனை கேக்கலாமுங்களா?” தலையில் அடித்துக்கொண்டேன். தெருப் பெரியதனக்காரர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். “பாவடி போச்சுன்னா நாம போச்சுங்க.”

நாளைக்கு: மனு நகல். செருப்பு வார். சரசுவுக்குத் தலைவலித் தைலம்.

மாசி 6, வெள்ளி

திங்கள் காலை ஆபீசர் வருகிறார். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்றைக்கு எல்லார் பாவும் வெளியே இருக்கவேண்டும். கஞ்சி வடியட்டும். ஜீப் நிறுத்த இடமில்லாமல் அவர் திணறட்டும். “ஆகட்டுங்க, ஆகட்டுங்க.” தொண்டை கட்டிவிட்டது.

மாசி 9, திங்கள்

எங்கே போய் முட்டிக்கொள்வது.

காலையில் கஞ்சி வாளியோடு போனால் பாவடி பளபளவென்று கிடக்கிறது. ஒரு நூல் இல்லை. பாவு கட்டும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிக் கோயிலுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். சாணம் தெளித்துக் கோலம். வாழைமரம். வெள்ளைத்துணி விரித்த மேசை, இளநீர். கோலம் யார் கை என்று பார்த்த உடனே தெரிந்தது. என் வீட்டுக்காரிதான்.

பெரியதனக்காரர் புது வேட்டியில். “என்னங்க இது!” என்றேன்.

“ஏஞ்சாமி கத்தறீங்க? பெரிய மனுசர் வாராரு. கஞ்சி நாத்தத்துலயா நிக்க வெக்கிறது? ஒரு நாளைக்கிப் பாவு இல்லாட்டி என்னங்க?”

சரசுவும் சேர்ந்துகொண்டாள். “ஊட்டுக்கு வாரவங்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமுங்களா?”

முளையை எடுத்துவர ஓடினேன். அதற்குள் ஜீப்.

ஆபீசர் நல்ல மாதிரி. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இளநீர் குடித்தார். சுற்றிப் பார்த்தார். “தினமும் வேலை நடக்கிற இடம்னு மனுவுல எழுதியிருக்கீங்களே?” என்றார். வாயைத் திறந்தேன். அதற்குள் அவருக்கு மாலை போட்டார்கள், மேளத்தை அடித்தார்கள். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கூட வந்தவரிடம் அவர் சொன்னது மட்டும் கேட்டது: “நல்ல சமதரை.”

சரசுவோடு பேச்சில்லை. சாப்பிடவும் இல்லை. யாரைத் திட்டுவது? கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம்.

மாசி 24, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. திட்டத்தில் மாற்றம் இல்லையாம். ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்து பாவடி முழுக்க எல்லைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பெரியதனக்காரர் வந்தார். பழைய வேட்டி, தோளில் பாவு. என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக முதல் எல்லைக்கல்லுக்குப் போய்க் காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. பாவின் ஒரு நுனியை அதில் கட்டினார். மறு நுனியை என்னிடம் நீட்டினார். எனக்கு இன்னும் கோபம்தான். வாங்கிக்கொண்டு எதிர்க்கல்லுக்கு நடந்தேன்.

சரசு கஞ்சி வாளியோடு நின்றாள். “ஏனுங்க, ஆபீசர் மறுக்கா வந்தா?”

“வரட்டும் சாமி” என்றார் பெரியதனக்காரர். “இந்த வாட்டி கஞ்சியிலயே நிக்கட்டும்.”